சிப்பித் தூசு நஞ்சா, வெறும் சுண்ணாம்பா?

கேள்வி: பினாங்கு, ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். சங்கிலும் முத்துச்சிப்பியிலும் பதக்கம், காதணி செதுக்கி, தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் என் தோழி போடும் கடையில் விற்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். கையடக்கமான சுழல் கருவி ஒன்றை, முனைகள் அடங்கிய பெட்டியோடு இணையத்தில் வாங்கினேன். பால்கனியில் உட்கார்ந்து முதல் சிப்பியைக் குடைந்தபோது தலைமுடி பொசுங்குவது போன்ற வாடை அடித்தது. தொங்கவிடுவதற்குத் துளை போட்டதும் சிப்பி இரண்டாகப் பிளந்தது. வீடெல்லாம் வெள்ளைத் தூள். அன்றிரவு வறட்டு இருமல் வந்து, மறுநாள் அடங்கிவிட்டது. சிப்பித் தூசு கொடிய நஞ்சு என்கிறார் ஒருவர். வெற்றிலையோடு போடும் சுண்ணாம்புதானே என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி? கிளினிக்கில் தரும் முகக்கவசம் போதுமா? தண்ணீர் விட்டுக்கொண்டே மின்கருவியை ஓட்டலாமா? 14 வயது மகன் ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்துத் தருகிறான், அதில் தவறில்லையே? டைல்ஸ் கழுவும் அமிலத்தில் நனைத்தால் பளபளப்பு வரும் என்கிறார்களே? மாமா வீட்டில் பெரிய கீமா (ராட்சதச் சிப்பி) ஓடு ஒன்று இருக்கிறது, அதையும் வெட்டலாமா?

பதில் (கோலாலம்பூரில் சிப்பி, கொம்பு, எலும்பு வேலைப் பட்டறை நடத்தும் ஆலோசகர்):

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. சிப்பி, சங்கு, கிளிஞ்சல் எதுவானாலும் அதன் ஓட்டில் 95 விழுக்காட்டுக்குக் குறையாமல் கால்சியம் கார்பனேட்டுத்தான் இருக்கும். அந்த அளவில் உங்கள் மாமியார் சொல்வது சரியே. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பு, ஓட்டைக் காளவாயில் சுட்டு, நீற்றி, அதிலிருந்த உயிர்ப்பொருள் எல்லாம் எரிந்து போன பிறகு கிடைப்பது. அதுவும் வயிற்றுக்குள் போவது. நீங்கள் பால்கனியில் கிளப்பிய தூள் சுடப்படாத ஓட்டின் தூள். சுண்ணாம்புப் படிகங்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதற்காகச் சிப்பி தானே சுரந்து வைத்த காங்கியோலின் என்னும் புரதம் அதில் அப்படியே இருக்கிறது. உங்களுக்கு முடி பொசுங்கும் வாடை வந்ததன் காரணம் இந்தப் புரதமே. முடியும் புரதம், இதுவும் புரதம், இரண்டும் கருகினால் ஏறத்தாழ ஒரே நாற்றம்தான் வரும். உயிரினம் செத்து அழுகிய மிச்சம், பூஞ்சை, நுண்ணுயிர்கள் ஆகியவையும் சரியாகக் கழுவாத ஓட்டின் மடிப்புகளில் தங்கியிருக்கும். கால்சியம் கார்பனேட்டுத் தூளை மட்டும் சுவாசித்தால் தொண்டை கரகரக்கும், மூக்கடைக்கும், பிறகு உடல் சமாளித்துக்கொள்ளும். புரதமும் நுண்ணுயிர் எச்சமும் கலந்த தூளுக்குச் சிலருடைய உடல் ஒவ்வாமையை வளர்த்துக்கொள்கிறது. சிப்பித் தொழிலாளரிடம் ஆஸ்துமாவும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சியும் மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டிருக்கின்றன. ஒரு சிட்டிகை உள்ளே போனாலே ஆளைக் கொல்லும் என்ற பேச்சுக்கு மட்டும் ஆதாரம் இல்லை.

உங்கள் இருமலைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனமாக நினைவுபடுத்திப் பாருங்கள். தூள் பறந்த அந்த நேரத்திலேயே இருமல் தொடங்கியிருந்தால் அது தூசு உறுத்தியதால் வந்ததாக இருக்கலாம். வேலை முடித்து 4 மணி முதல் 8 மணி நேரம் கழித்து, காய்ச்சல், குளிர் நடுக்கம், உடல்வலி, மூச்சு இறுக்கம் இவற்றோடு சேர்ந்து வந்து, ஓரிரு நாளில் தானாக விலகி, மறுமுறை சிப்பியைத் தொட்டதும் அதேபோலத் திரும்பினால், அது ஒவ்வாமை நுரையீரல் அழற்சியின் போக்கு. சளிக்காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டே வேலையைத் தொடர்கிறவர்களுக்கு நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழக்கூடும். எப்படி இருந்தாலும் மறுபடி கருவியை எடுப்பதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். பார்க்கும்போது, கேட்கப்படாவிட்டாலும், “சிப்பி அறுத்தேன், தூளைச் சுவாசித்தேன்” என்று நீங்களாகவே சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் எந்த மருத்துவரும் ஊகிக்கப் போவதில்லை. உங்களுக்கு முன்பே ஆஸ்துமா இருந்தால் இந்தத் தொழிலை விட்டுவிடுமாறுதான் நான் சொல்வேன்.

மகனைப் பற்றிய கேள்விக்கு என் பதில் கண்டிப்பானது: தூசு பறக்கும் இடத்தில் அவன் இருக்கக்கூடாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வியன்னா நகரில் முத்துச்சிப்பியைக் கடைந்து பொத்தான் முதலிய பொருள்கள் செய்த பட்டறைகளில் வளரிளம் பருவத்துப் பையன்கள் பலர் வேலை செய்தார்கள். அவர்களுடைய கை கால்களின் நீண்ட எலும்புகள் முனைப்பகுதியில் வீங்கி வலித்ததை அந்நகர மருத்துவர்கள் கண்டு எழுதினார்கள். வேலையை நிறுத்தினால் வீக்கம் வடியும், பட்டறைக்குத் திரும்பினால் நோயும் திரும்பும். நாள் முழுவதும் காற்றோட்டமில்லாத அறையில் உழைத்த அந்தப் பையன்களின் நிலையும் உங்கள் மகனுடைய நிலையும் ஒன்றல்ல என்பது உண்மைதான். இருந்தாலும் வளர்கிற உடம்புக்கு இந்தத் தூள் ஆகாது என்று நினைக்க அது போதுமான காரணம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பது கருவியைவிடப் பாதுகாப்பானது என்று பலரும் நினைக்கிறார்கள். மெல்லிய தாளில் வரும் தூள் மிக நுண்ணியது, கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் நெடுநேரம் நிற்கக்கூடியது. அவனுக்கு ஆர்வம் இருக்கிறதென்றால் வடிவம் வரையச் சொல்லுங்கள், கயிறு கோக்கச் சொல்லுங்கள், முடிந்த பொருளைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைத்தே நனைந்த தாளால் மெருகேற்றச் சொல்லுங்கள்.

இனி முகக்கவசம். கிளினிக்கில் தரும் நீலக் கவசம் அணிந்தவரின் எச்சில் வெளியே தெறிக்காமல் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது. கன்னத்தின் இரு ஓரங்களிலும் உள்ள இடைவெளி வழியாகவே காற்று உள்ளே வந்துவிடும். குறைந்தது என்95 வேண்டும், அதிலும் காதில் மாட்டுவதைத் தவிர்த்துத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டைகள் போகிற வகையையே வாங்குங்கள். நான் பரிந்துரைப்பது ரப்பரால் ஆன அரைமுகக் கவசம். ஹார்ட்வேர் கடைகளில் 3எம் நிறுவனத்தின் 6200 எண்ணுள்ள கவசமும் அதில் திருகும் 2091 எண்ணுள்ள இளஞ்சிவப்பு வடிகட்டிகளும் கிடைக்கும். அந்த வடிகட்டி பி100 தரம், 99.97 விழுக்காடு துகள்களைப் பிடிப்பது. சாயம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் கரித்துண்டு அடைத்த டப்பாக்கள் வாயுவுக்கானவை, அவற்றை மட்டும் மாட்டினால் தூசு நிற்காது. அணிந்தபின் இரண்டு வடிகட்டிகளையும் உள்ளங்கையால் மூடி மூச்சை இழுத்துப் பாருங்கள். கவசம் முகத்தோடு ஒட்டி உள்வாங்க வேண்டும், எங்கேனும் காற்று நுழைந்தால் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்வது சிரமம்தான். சிறிது நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, அந்த இடத்தை விட்டு வெளியே போய்க் கழற்றி, ஓய்வெடுத்துத் திரும்புங்கள். வேலை முடிந்த உடனே அங்கேயே கழற்றிவிட்டுப் பெருக்கத் தொடங்குகிறவர், அதுவரை காத்த நுரையீரலுக்கு அந்த ஐந்து நிமிடத்தில் தூசு ஊட்டிவிடுகிறார். துடைப்பமும் மின்விசிறியும் அங்கே வேண்டாம், சாதாரண வாக்குவம் கிளீனரும் நுண்தூளைப் பின்பக்கமாகத் திருப்பி ஊதும். ஈரத் துணியால் துடையுங்கள். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஆனால் கவசம் கடைசிக் காவல். முதற்காவல் தண்ணீர். சிப்பியை உலர்வாக அறுப்பவர் எவ்வளவு நல்ல கவசம் அணிந்தாலும் அவர் வீட்டில் தூள் படியும், அந்த வீட்டில் இருப்பவர்கள் கவசம் அணிந்திருக்க மாட்டார்கள். ஆகையால் அடுக்குமாடி வீட்டில் சிப்பியை உலர்வாகக் குடையும் பேச்சுக்கே இடமில்லை என்பது என் முடிவு. ஈரமாக வேலை செய்ய முடியாத கருவி உங்களிடம் இருந்தால், வழிமுறையை மாற்றாமல் கருவியை மாற்றுங்கள்.

முறை எளிது. சற்று அகலமான பிளாஸ்டிக் தட்டில் சிப்பி மூழ்கும் அளவுக்கு, அதாவது அதன் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, முனை மட்டும் தண்ணீருக்குள் இருக்குமாறு குடையுங்கள். ஓடத் தொடங்கியதும் முனையிலிருந்து பால்போல ஒரு வெண்கோடு இறங்கி, தட்டு முழுவதும் கலங்கும். வரைந்த கோடு தெரியாமல் போகும்போது தண்ணீரை மாற்ற வேண்டும். அந்தக் கலங்கலைக் கழுவுதொட்டியில் (சிங்க்) ஊற்றாதீர்கள், சுண்ணாம்பு குழாயில் படிந்து இறுகும். வாளியில் ஊற்றி ஓர் இரவு விட்டால் தெளிந்துவிடும், மேல்நீரை வடித்துவிட்டு அடிச்சேற்றை ஈரமாகவே பையில் கட்டிக் குப்பையில் போடலாம். தண்ணீர் தெறிக்கும் என்பதால் கண்ணுக்கு முகத்திரை வேண்டும். தெறிக்கும் நுண்துளிகளிலும் தூள் இருக்கும் என்பதால் முன்னர்ச் சொன்ன கவசத்தையும் கழற்றக்கூடாது. என்95 நனைந்தால் பயனற்றுப் போகும், ரப்பர்க் கவசத்தை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணீரும் மின்சாரமும் அருகருகே வருவதுபற்றி நீங்கள் அஞ்சியது நியாயமே. நீங்கள் வாங்கியது போன்ற கருவியில் 230 வோல்ட் மோட்டார் உங்கள் உள்ளங்கைக்குள்ளேயே ஓடுகிறது. மோட்டாரைக் குளிரவைக்கக் காற்றை இழுக்கும் துளைகள் விரல்களுக்கு அருகில் இருக்கின்றன, தெறிக்கும் சுண்ணாம்பு நீர் அவற்றின் வழியாக உள்ளே போகும். அதைத் தண்ணீர்த் தட்டுக்கு மேலே பிடிக்கவே கூடாது. இரண்டு நல்ல மாற்றுகள் உண்டு. ஒன்று, மோட்டாரைத் தலைக்கு மேல் கொக்கியில் தொங்கவிட்டு, அதிலிருந்து வளையும் தண்டு வழியாகக் கைப்பிடியை மட்டும் சுழற்றும் ஃபிளெக்ஸ் ஷாஃப்ட். நகைப் பட்டறைகளில் கால்மிதியோடு (பெடல்) இதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கருவிக்கே இணைப்பாக அந்தத் தண்டு தனியாகக் கிடைக்கலாம், அப்படியானால் புதிதாக வாங்க வேண்டியதில்லை. மற்றொன்று, பல் கட்டுவோர் பயன்படுத்தும் மைக்ரோமோட்டார். அதில் கட்டுப்பாட்டுப் பெட்டி மின்னழுத்தத்தைக் குறைத்தே கைப்பிடிக்கு அனுப்புகிறது, பெட்டியைத் தண்ணீர் எட்டாத தூரத்தில் வைத்துவிடலாம். எதுவானாலும் இணைப்பு மின்கசிவுத் துண்டிப்பான் வழியாகவே வர வேண்டும். நம் வீடுகளில் மெயின் பெட்டியில் உள்ளதை ஈ.எல்.சி.பி. என்று சொல்கிறோம், அதன்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 100 மில்லிஆம்பியர் என்றிருந்தால் அது தீப்பிடிப்பதைத் தடுக்கவே உதவும், மனித உயிரைக் காக்க 30 மில்லிஆம்பியர் அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும்; ஈரத்தில் செய்யும் வேலைக்கு, குளியலறை வாட்டர் ஹீட்டருக்குப் போடும் 10 மில்லிஆம்பியர் வகை இன்னும் நல்லது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி வேலை செய்யும் பிளக்குக்கு மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். கால்மிதி ஈரத் தரையில் கிடக்கக்கூடாது.

பிளந்த சிப்பிக்கு வருவோம். முத்துச்சிப்பியின் உட்புறத்தில் மின்னும் பகுதி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கனமுள்ள படிகத் தகடுகளை அடுக்கி, இடையிடையே புரதப் பசை தடவி ஆனது. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால்தான் நிறம் மாறி மாறித் தெரிகிறது. மேலிருந்து அழுத்தினால் அது உறுதியானது, ஓரத்திலிருந்து நெம்பினால் ஏட்டுச்சுவடி போல இதழ் இதழாகப் பிரியும். சூடேறினால் பசையே கருகிப் போகும். உங்களுக்கு வந்த பொசுங்கும் வாடை அதற்கான எச்சரிக்கை, அதற்குப் பின் வந்த பிளவு அதன் விளைவு. உங்கள் பெட்டியில் இருந்த திருகு வடிவ டிரில் பிட் மரத்துக்கும் உலோகத்துக்கும் உரியது. சிப்பியின் மறுபக்கத்தை எட்டும் கணத்தில் அது பொருளைக் கொக்கிபோலப் பற்றி இழுக்கும். வைரத்தூள் பூசிய முனைக்கு மாறிக்கொள்ளுங்கள். சிப்பிக்கு அடியில் ஒரு துண்டு மரத்தை வைத்து, ஒரு பக்கத்தில் பாதி ஆழம் துளைத்துவிட்டுத் திருப்பி மறுபக்கத்திலிருந்து சந்திக்க வையுங்கள். தண்ணீர் உள்ளே போகவேண்டும் என்பதால் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை முனையை வெளியே தூக்குங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது வரிசை: முதலில் துளை, பிறகு உள்வேலை, கடைசியில்தான் வெளி வடிவம். சுற்றிலும் சிப்பி அகலமாக இருக்கும்போது துளை போட்டால் அதைத் தாங்கும் பொருள் நிறைய இருக்கும்; மெல்லிய பதக்கமாக வெட்டி முடித்தபின் ஓரத்தில் துளை போடுகிறவர் பத்தில் சிலவற்றை உடைத்தே தீருவார்.

வேகம் பற்றியும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கருவி நிமிடத்துக்கு 35,000 சுற்று ஓடும் என்று பெட்டியில் போட்டிருந்தால், 3 மில்லிமீட்டர் முனையின் விளிம்பு மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது; அதே சுற்றில் 22 மில்லிமீட்டர் வெட்டுத்தட்டின் விளிம்பு மணிக்கு 145 கிலோமீட்டரில் ஓடுகிறது. சிறு முனைக்குப் பொருத்தமான சுற்று, தட்டுக்குப் பொருந்தாது. தட்டை மாட்டும்போது வேகத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குங்கள், தட்டின் மேல் எழுதியுள்ள உச்ச வேகத்தை ஒருபோதும் தாண்டாதீர்கள், உங்கள் முகம் தட்டு சுழலும் நேர்க்கோட்டில் இல்லாதபடி உட்காருங்கள். கையுறை வேண்டாம், சுழலும் முனை நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

எந்த ஓட்டை எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது. முத்துச்சிப்பியில் தொடங்காதீர்கள். சந்தையில் உணவுக்காக வாங்கும் கெராங் என்னும் சிறு சிப்பியின் ஓடு தடிப்பானது, இதழ் பிரியாதது, காசில்லாமல் குவியும். வேகவைத்துச் சாப்பிட்டபின் நன்கு தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, கை பழகும் வரை அதில் குடையுங்கள். அடுத்து சங்கு. பூசைப் பொருள் கடைகளில் விற்கும் சங்கு முத்துப்போல மின்னாது, ஆனால் பீங்கான் போல இறுகியது, குறுக்கும் நெடுக்குமான இழையமைப்பு விரிசலை ஓடவிடாமல் நிறுத்தும். கொற்கைக் கரையில் வாளரத்தால் சங்கை அறுத்து வளையல் செய்த நம் முன்னோர் அதைத் தேர்ந்தது காரணத்தோடுதான். எந்த ஓடானாலும் வெட்டுவதற்கு முன் பின்புறத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள்: கருப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தால், கடற்பஞ்சு துளைத்த குழிகள் உள்ளே இருக்கின்றன என்று பொருள். அங்கே முனை பட்டால் அது நொறுங்கும்.

மெருகுக்கு அமிலம் வேண்டாம். டைல்ஸ் கழுவும் அமிலத்தில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். சங்குபோன்ற ஓட்டில் கணநேரம் நனைத்துக் கழுவித் தற்காலிகப் பளபளப்பு எடுக்கிறவர்கள் உண்டு, முத்துப்படலத்திலோ அது மினுக்கத்தையே தின்றுவிடும். குளோரோக்ஸில் (வெளுக்கும் ப்ளீச்) ஊறவைத்த ஓட்டை அப்படியே அமிலத்துக்குள் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், பால்கனியானாலும் அது ஆபத்து. 400, 600, 1000, 2000 என்று படிப்படியாக ஈர உப்புத்தாளால் தேய்த்து, பிறகு துணிச்சக்கரத்தில் மெருகுப்பசை தடவி மெதுவான வேகத்தில் தொட்டால் போதும். ஒரு தாளின் கீறல் முழுவதும் மறையாமல் அடுத்த தாளுக்குப் போகாதீர்கள்.

மாமா வீட்டுக் கீமா ஓட்டை வெட்டாதீர்கள். கீமா இனங்கள் அனைத்தும் அருகும் உயிரின வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, மலேசியாவிலும் 1999-ஆம் ஆண்டின் மீன்வள விதிகள் அவற்றைப் பாதுகாக்கின்றன. பழைய ஓடு என்பதை நிரூபிக்க உங்களிடம் தாள் எதுவும் இருக்காது. பதக்கமாக விற்று, அதை வாங்கிய சுற்றுலாப் பயணி விமான நிலையத்தில் மாட்டினால் கேள்வி உங்களிடம் வரும். மீன்வளத் துறையில் கேட்டு எழுத்தில் பதில் வாங்காமல் அதைத் தொட வேண்டாம். நாட்டிலஸ் ஓடும் 2017 முதல் அதே பட்டியலில் இருக்கிறது. பாயார் தீவு போன்ற கடற்பூங்காக்களிலிருந்து செத்த ஓட்டைக்கூட எடுத்து வரக்கூடாது. விற்பனை பெருகி உதவிக்கு ஆள் வைத்தால், 2024 ஜூன் 1 முதல் திருத்தத்தோடு நடப்புக்கு வந்துள்ள தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் உங்களையும் முதலாளியாகவே கருதும். தூசிலிருந்து அவர்களைக் காப்பது அப்போது உங்கள் கடமை.

தைப்பூசத்துக்கு முன் செய்து சேர்க்கும் பதக்கங்களைப் பிளைவுட் அலமாரியிலோ புதிய மர இழுப்பறையிலோ அடைத்து வைக்காதீர்கள். அந்தப் பலகைகளிலிருந்து கசியும் அமில ஆவி, பினாங்கின் ஈரக்காற்றோடு சேர்ந்து, ஓட்டின் மேல் வெள்ளை உப்புப் பூக்க வைக்கும். அது பூத்த இடத்தில் மெருகு திரும்பாது. நன்றாகக் கழுவி உலர்த்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.